ஒரு மூலம், பல உருவங்கள்: அலுவிகாரை எழுப்பும் கேள்வி

ஒரே மூலத்திலிருந்து உருவாகி, ஒன்றுக்கொன்று ஓர் எழுத்துக்கூட ஒவ்வாத வடிவங்களில் பல இடங்களுக்குச் சென்று சேரும் படைப்பொன்றை எந்த அடிப்படையில் ஒரே படைப்பு என்று கொள்வது என்பதும், அவ்வாறு கொள்வதற்கான உரிமை அதை உருவாக்கிய மையத்துக்கு உரியதா, அதைப் பெற்றுக்கொண்டவர்களுக்கு உரியதா என்பதும் சமய வரலாற்றில் மிகப் பழைய கேள்விகள். வெவ்வேறு வகை நுண்செயலிகளில் இயங்கும் சேவையகங்களுக்கு வேண்டிய மென்பொருள்களை ஒரே இடத்தில் கட்டி அனுப்பும் இன்றைய கணினி நடைமுறை, அக்கேள்விகளைச் சமயச் சொற்கள் எவையுமின்றி மறுபடியும் எழுப்பியிருக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து ஆராய இலங்கையின் மாத்தளை மாவட்டம் இயல்பாகவே இடம் தருகிறது; ஏனெனில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டுவந்த தேரவாத பௌத்தத்தின் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முறையாக ஓலையில் எழுதப்பட்ட இடமென மரபு சுட்டும் அலுவிகாரைக் குகைகள், மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியை ஒட்டியே அமைந்துள்ளன.

கணினிப் பக்கத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மனிதர் எழுதும் நிரல் வரிகளுக்கு மூலநிரல் என்று பெயர். நுண்செயலியால் அதை நேரடியாக வாசிக்க முடியாது. தொகுப்பி எனப்படும் மற்றொரு நிரல் அதை நுண்செயலிக்குரிய பொறிமொழிக்கு மாற்றித்தர வேண்டும். அப்பொறிமொழியோ எல்லா நுண்செயலிகளுக்கும் பொதுவானதன்று. இன்ரெல், ஏஎம்டி நிறுவனங்களின் நுண்செயலிகள் எக்ஸ்86-64 எனப்படும் கட்டளைத் தொகுதியையும், அமேசன் நிறுவனம் 2018 முதல் தன் தரவு மையங்களில் பயன்படுத்திவரும் கிராவிற்றன் போன்றவை ஏஆர்எம் கட்டளைத் தொகுதியையும், ஐபிஎம்மின் பெருங்கணினிகள் தமக்கேயுரிய வேறொன்றையும், அண்மையில் வளர்ந்துவரும் ரிஸ்க்-ஃபைவ் வகை இன்னொன்றையும் கொண்டவை. ஒன்றுக்கென ஆக்கப்பட்ட கோப்பு மற்றொன்றில் வெறும் இலக்கக் குவியலாகவே கிடக்கும். ஆகவே பல வகை இயந்திரங்களை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் ஒவ்வோர் இயந்திரத்திலும் தனித்தனியே தொகுத்துக்கொண்டிருப்பதைத் தவிர்த்து, ஒரு மையத்தில் ஒவ்வொரு வகைக்கும் ஒருமுறை தொகுத்து, பொதிகளாகக் கட்டி, கையொப்பமிட்டு எல்லா இயந்திரங்களுக்கும் அனுப்பிவைப்பதையே விரும்புகிறது.

மையத்தில் கட்டுவதற்கு மூன்று வழிகள் உண்டு. அந்தந்த வகை இயந்திரத்தையே மையத்தில் நிறுத்தி அதிலேயே தொகுப்பது ஒன்று; டெபியன் எனப்படும் லினக்ஸ் வெளியீட்டுக் குழு இதையே கைக்கொள்கிறது. ஒருவகை இயந்திரத்தில் இருந்துகொண்டு வேறொரு வகைக்கான பொறிமொழியை ஆக்கும் குறுக்குத்தொகுப்பு இரண்டாவது; நெட்பிஎஸ்டி என்னும் இயங்குதளம் இதில் பெயர்பெற்றது. ஃபாப்ரிஸ் பெலார் 2003இல் வெளியிட்ட கியூஎமு போன்ற நிரலால் ஓர் இயந்திரத்தை மற்றோர் இயந்திரமாக நடிக்கவைத்து அதனுள் தொகுப்பது மூன்றாவது. எந்த வழியானாலும் மையத்துக்கு ஓர் அடக்கம் வேண்டும். தொகுப்பியிடம் "இந்த இயந்திரத்துக்கு இயன்ற எல்லாத் திறனையும் பயன்படுத்து" என்று மையம் சொல்லிவிட்டால், மையத்து இயந்திரம் அறிந்த புதிய கட்டளைகள் பொதிக்குள் புகுந்து, அவற்றை அறியாத பழைய சேவையகம் அப்பொதியை இயக்குகையில் அத்தகைய கட்டளையை எட்டிய கணமே "சட்டவிரோதக் கட்டளை" என்று அறிவித்து நின்றுபோகும். தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லாமல், கேட்போரில் மிகக் குறைந்த ஆற்றல் உள்ளவருக்கும் எட்டும் அளவில் நிற்பது மையத்தின் கடமையாகிறது. எக்ஸ்86-64 வகைக்கு இவ்வளவே அடித்தளம் என்று 2020இல் படிநிலைகள் வகுக்கப்பட்டது இக்கடமையை எழுத்தில் வைத்ததே ஆகும்.

இனி அலுவிகாரை. வட்டகாமினி அபயன் என்றும் வலகம்பா என்றும் அறியப்படும் மன்னனின் காலத்தில் பிக்குகள் ஒன்றுகூடி, அறம் நெடிது நிலைக்கும்பொருட்டுத் திரிபிடகத்தையும் அதன் உரையையும் நூல்களில் எழுதினர் என்று தீபவம்சமும் மகாவம்சமும் மிகச் சுருக்கமாகக் குறிப்பிடுகின்றன. இடத்தின் பெயரை அவை சொல்லவில்லை. மாத்தளையின் அலுலெனை என்று இடத்தைக் குறிப்பது பதினான்காம் நூற்றாண்டின் சிங்கள நூலாகிய நிகாய சங்கிரகம். மைய நிகழ்வைப் பற்றிய சான்றே பல நூற்றாண்டுகள் கழித்து, வேறொரு மொழியில், மற்றொரு கையால் எழுதப்பட்டதாக இருப்பதை ஆய்வாளர் கவனிக்கத் தவறுவதில்லை. ஆயினும் மரபு வலுவானது. தேரவாத நாடுகளில் எங்கு சென்றாலும் எழுதப்பட்ட வேதநூலின் தொடக்கமாக இந்தக் குகைகளே நினைக்கப்படுகின்றன.

எழுதுவதற்கு முந்திய நிலையை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பின்னர் வரும் வாதம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. புத்தர் மறைவுக்குப் பின் ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளாக அந்நூல் தொகுதி மனித நினைவிலேயே இருந்தது. அதைச் சுமந்தவர்கள் பாணகர் எனப்பட்ட ஓதுவோர். நெடும் பேருரைகளின் தொகுதியாகிய தீக நிகாயத்தை ஒரு கூட்டமும், இடைத்தர உரைகளாகிய மச்சிம நிகாயத்தை மற்றொரு கூட்டமும், சங்யுத்த, அங்குத்தர நிகாயங்களை வேறு கூட்டங்களும் தம் பொறுப்பில் வைத்து, சேர்ந்து ஓதி, ஒருவர் தவறினால் மற்றவர் திருத்திக் காத்தன. ஒருவர் மறந்தாலும் கூட்டம் மறவாது என்பதே இவ்வமைப்பின் பலம். அந்தப் பலம் எங்கே உடையும் என்பதை வலகம்பா காலத்துப் பஞ்சம் காட்டியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தலைவர் ஐவர் அனுராதபுரத்தைக் கைப்பற்றி ஆண்ட பதினான்கு ஆண்டுக் குழப்பத்தோடு பெரும் பஞ்சமும் சேர்ந்துகொள்ள, பிக்குகளிற் பலர் கடல்கடந்து இந்தியா சென்றனர், எஞ்சியோரில் பலர் மாண்டனர், விகாரைகள் வெறுமையாயின.

அக்காலத்தைப் பற்றி துறவு ஒழுக்க நூலாகிய வினயத்தின் உரையான சமந்தபாசாதிகை சொல்லும் ஒரு செய்தி எந்த மென்பொருள் நூலிலும் இடம்பெறத் தக்கது. மகாநித்தேசம் என்னும் நூல் அப்போது ஒரே ஒரு பிக்குவுக்கு மட்டுமே மனப்பாடமாக எஞ்சியிருந்தது. அவரோ ஒழுக்கம் கெட்டவர் என்று பேசப்பட்டவர். மகாரக்கிதர் என்னும் தேரரிடம், அந்த நூல் அழிந்துவிடும் முன் அவரிடமிருந்து அதைக் கற்றுக்கொள்ளுமாறு ஆசிரியர் பணிக்க, இவர் தயங்குகிறார். வற்புறுத்தலின் பேரில் இரவுபகலாகக் கற்று முடிக்கிறார். கற்று முடிக்கும் நாளில்தான் ஐயம் உண்மையென்று தெரிந்துகொள்கிறார். நூலைச் சுமந்தவரின் தூய்மையும் சுமக்கப்பட்ட நூலின் தூய்மையும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியவை என்று அம்மரபு ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று. ஆனால் அந்த ஏற்பு எவ்வளவு அச்சத்தோடு நிகழ்ந்தது என்பதையும் கதை மறைக்கவில்லை. ஒத்துப்பார்க்க வேறொருவர் இல்லாத நிலையில், அந்த ஒருவர் ஓதியது சரிதானா என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. எழுத்துக்குப் போனதன் காரணம் நினைவின் பலவீனமாக இருந்திருக்க இயலாது. நானூறு ஆண்டுகள் காத்த நினைவைப் பலவீனமானது என்று சொல்வது நியாயமுமாகாது. ஒத்துப்பார்க்கும் ஆட்கள் அருகிப்போனதே உண்மையான காரணமாகத் தோன்றுகிறது.

எழுதப்பட்டது பாளி மொழியில். பாளிக்கென்று தனி எழுத்து கிடையாது. இலங்கையில் சிங்கள எழுத்திலும், பர்மாவில் பர்மிய எழுத்திலும், சயாமிலும் கம்போடியாவிலும் கெமர் மரபு எழுத்திலும், பிற்காலத்தில் இலண்டனில் உரோமன் எழுத்திலும் அதே நூல் எழுதப்பட்டது. சிங்களச் சுவடியையும் பர்மியச் சுவடியையும் அருகருகே வைத்தால் ஒரு வடிவம்கூட ஒத்திராது. இருவர் அவற்றை ஓதினால், உச்சரிப்பு வேறுபட்டாலும், சொற்கள் ஒன்றாகவே இருக்கும். மூலநிரல் ஒன்று, பொறிமொழி பல என்ற கணினி நிலைக்கு இதைவிட நெருங்கிய முன்னுதாரணம் காண்பது கடினம். தற்காலத்தில் விபாசனா ஆய்வு நிலையம் வெளியிட்ட மின்வடிவத் திரிபிடகம், வாசகர் விரும்பும் எழுத்தில் அதே பாடத்தைக் காட்டித்தருவதன் மூலம் இந்த ஒப்புமையை நேரடி உண்மையாகவே ஆக்கிவிட்டது.

இங்கே ஒரு தடை எழும். எழுத்து மாறினாலும் சொல் மாறவில்லை. ஆகவே ஒருமை சொல்லில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மென்பொருளில் அவ்வாறு சொல்ல முடியுமா? பொறிமொழி மாறினாலும் நடத்தை மாறாது, ஒருமை நடத்தையில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். அது பெரும்பாலும் உண்மை, முழுவதும் உண்மையன்று. சி மொழியில் ஒரு பைற்றளவான எழுத்து வகையை எக்ஸ்86 லினக்ஸ் குறைகுறியும் ஏற்கும் எண்ணாகவும், ஏஆர்எம் லினக்ஸ் குறைகுறி ஏற்காத எண்ணாகவும் கொள்கின்றன. இதைக் கவனியாது எழுதப்பட்ட ஒரே வரி ஓரிடத்தில் முடிவுக்கு வரும், மற்றோரிடத்தில் முடிவின்றிச் சுழலும். பெரிய எண்ணொன்றை நினைவகத்தில் வைக்கும்போது உயர் இலக்கம் முதலில் வருமா, தாழ் இலக்கம் முதலில் வருமா என்பதிலும் நுண்செயலிகள் பிரிந்து நிற்கின்றன. இந்தப் பிணக்கை விவரித்து 1980இல் டானி கோஹன் எழுதிய கட்டுரை, முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காகப் போரிட்ட இரு தரப்பாரைப் பற்றி ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய அங்கதத்திலிருந்து இரு கட்சிகளுக்கும் பெயரிட்டது. கட்டுரையின் தலைப்பிலேயே புனிதப் போர் என்ற தொடரும் சமாதான வேண்டுகோளும் இருந்தன. பொறியியலாளர் தம் பிணக்கைச் சமயப் பிணக்காகப் பார்த்துச் சிரித்த அந்த நேரம், பார்வை சரியாகவே இருந்தது என்று சொல்லலாம்.

நடத்தையும் முழுமையாக ஒத்திராதபோது ஒருமையை எங்கே தேடுவது? மறுபிறப்பில் பிறப்பவர் முன்னவரா வேறொருவரா என்று கிரேக்க அரசன் மிலிந்தன் கேட்க, நாகசேனர் இரண்டையும் மறுத்து, இடையறாத தொடர்ச்சியையே விடையாக முன்வைப்பதை மிலிந்த பஞ்ஞம் பதிவுசெய்கிறது. பௌத்த நோக்கில் பொருள்கள் என்று நிலையாக எவையும் இல்லை. காரணச் சங்கிலிகள் மட்டுமே உண்டு. ஏஆர்எம் பொதியும் எக்ஸ்86 பொதியும் ஒன்றா என்று கேட்டால், ஒரே சங்கிலியின் இரு கிளைகள் என்பதற்குமேல் நாகசேனர் எதுவும் சொல்லமாட்டார். நடைமுறைக்கு இது போதுமான விடையே. ஆனால் கிளை பிரியும் இடத்தில் வேறு யாராவது கைவைத்தார்களா என்ற கேள்விக்கு அது இடம் கொடுப்பதில்லை. அதற்குக் காரணங்களைப் பிரித்து எண்ணும் மரபு ஒன்று தேவைப்படுகிறது.

சைவ சித்தாந்தம் அத்தகைய எண்ணிக்கையை மிகத் துல்லியமாகச் செய்திருக்கிறது. ஒரு காரியம் தோன்ற முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என்னும் மூன்றும் வேண்டும். குடத்துக்கு மண் முதல், திரிகை துணை, குயவன் நிமித்தம். உலகத்துக்கு மாயை முதல், இறைவனது சத்தி துணை, இறைவன் நிமித்தம். இதனோடு சற்காரியவாதத்தையும் அது சேர்த்துக்கொள்கிறது: அதாவது, காரியம் தோன்றுமுன்பே தன் முதற்காரணத்துள் நுண்ணிய நிலையில் இருந்தது, இல்லாததொன்று புதிதாகத் தோன்றுவதில்லை என்னும் கொள்கை. நியாய, வைசேடிகர் இதை மறுத்து, முன்பு இல்லாததே தோன்றுகிறது என்பர், அது அசற்காரியவாதம்.

மென்பொருள் உலகின் அன்றாட நம்பிக்கை, தன்னை அறியாத சற்காரியவாதம். பொதியில் இருப்பதெல்லாம் மூலநிரலில் இருக்கிறது, மூலநிரலைப் படித்து ஆராய்ந்துவிட்டால் பொதியை ஆராய்ந்ததாகும், தொகுப்பி வெறும் திரிகை என்பதே அந்நம்பிக்கை. 1984இல் வெளியான ரியூரிங் விருது உரையில் கென் தொம்சன் இதன் அடித்தளத்தை அசைத்தார். உள்நுழைவு நிரலைத் தொகுக்கும்போதெல்லாம் ஒரு கள்ள வாயிலைச் சேர்த்துவிடும் தொகுப்பியை அவர் விவரித்தார். அது தன்னைத்தானே மறுபடி தொகுக்கும்போது அந்தச் சேர்க்கும் பழக்கத்தையும் புதிய தொகுப்பிக்குள் சேர்த்துவிடும். அதன்பின் உள்நுழைவு நிரலின் மூலமும் தூயது, தொகுப்பியின் மூலமும் தூயது. ஆயினும் ஒவ்வொரு பொதியிலும் கள்ள வாயில் இருக்கும். மண்ணில் இல்லாத ஒன்று குடத்தில் இருக்கிறது.

அசற்காரியவாதி இதைத் தன் வெற்றியாகக் கொள்ளலாம். சித்தாந்தி தோற்றுவிட்டாரா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். இல்லாதது தோன்றவில்லை, முந்திய தொகுப்பியின் பொறிமொழிக்குள் இருந்ததுதான் வெளிவந்தது. அதைத் துணைக்காரணம் என்று வகுத்ததே பிழை, அதுவும் முதற்காரணத்தின் ஒரு பகுதி என்று அவர் திருத்திக்கொள்வார். இத்திருத்தம் சரியானது, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தொகுப்பி முதற்காரணத்தில் சேர்ந்துவிட்டால், அதைத் தொகுத்த தொகுப்பியும் சேரும், அதற்கு முந்தியதும் சேரும். சங்கிலி பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். உயிரைப் பற்றிய ஆணவ மலத்தைச் சித்தாந்தம் அநாதி, அதாவது தொடக்கமற்றது என்று சொல்லி இத்தகைய பின்னோட்டத்தை நிறுத்தும். தொகுப்பிகளுக்கோ ஒரு தொடக்கம் இருக்கிறது. அவை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மனிதர் கையால் தொடங்கப்பட்டவை. இந்த வேறுபாட்டைப் பற்றிக்கொண்டே கியுக்ஸ் என்னும் குழு 2023இல், வெறும் 357 பைற்று அளவுள்ள, மனிதர் ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்க்கத்தக்க ஒரு விதை நிரலிலிருந்து தொடங்கி, படிப்படியாக இன்றைய தொகுப்பிவரை மூலநிரலைக்கொண்டே கட்டிக்காட்டியது. அநாதி என்று ஒப்புக்கொடுத்துவிட்டிருந்த ஒன்றுக்கு ஆதியைக் கண்டுபிடித்த செயல் இது. தத்துவத்தில் இத்தகைய ஆறுதல் அரிதாகவே கிடைக்கும்.

தொம்சன் சொன்னது கற்பனை ஆபத்து என்று எண்ணியிருந்தோருக்கு 2024 மார்ச் 29 விடையளித்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வாயில் ஒன்று பதுங்கியிருப்பதை அன்று அன்ட்ரேஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர் வெளியிட்டார்; தொலைவிலிருந்து சேவையகத்துக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகப் பிடித்ததே அவருக்கு எழுந்த முதல் ஐயம். நஞ்சு, பொதுவில் எல்லோரும் படித்த மூலநிரல் களஞ்சியத்தில் வெறும் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் உறங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பும் வரி, வெளியீட்டுக்கெனக் கட்டித்தரப்பட்ட மூலப் பொதியில் மட்டும் இருந்தது. இக்கட்டுரையின் பொருளுக்கு இன்றியமையாதது அடுத்த செய்தி: அந்த வரி, தான் எக்ஸ்86-64 லினக்ஸுக்காகத் தொகுக்கப்படுகிறதா, டெபியன் அல்லது ஆர்பிஎம் வகைப் பொதியாகக் கட்டப்படுகிறதா என்று பார்த்து, ஆம் என்றால் மட்டுமே விழித்துக்கொண்டது. பிற நுண்செயலி வகைகளுக்கான பொதிகள் தூயவையாகவே வெளிவந்திருக்கும். தாக்கியவர் குறிவைத்தது மூலத்தையும் அன்று, பயனரையும் அன்று. பலருக்காக ஒருவர் கட்டும் அந்த நடுவிடத்தையே.

இதனால் மையம் என்ற அமைப்பே கூடாது என்ற முடிவுக்குப் பலர் வருவதுண்டு. அலுவிகாரையிலிருந்து மூன்று கிலோமீற்றர் தெற்கே மாத்தளை நகரில் அதற்கு மாற்றான முறை கோபுரமாகவே எழுந்து நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடாகத் தம்புள்ளை வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். அவர்களோடு வந்த மாரியம்மன் வழிபாடு இன்று முத்துமாரியம்மன் கோயிலாகவும், மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதிவலம் வரும் பெருவிழாவாகவும் வளர்ந்திருக்கிறது. தமிழகத்தின் மாரியம்மன் தலம் ஒன்று இங்கே ஒரு திருவுருவைச் செய்து அனுப்பிவைப்பது இவ்வழிபாட்டுக்கு இன்றியமையாததன்று. அனுப்ப வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதுமில்லை. ஆகமம் விதியை மட்டும் தருகிறது. அந்தந்த ஊர்க் கல்லில், அந்தந்த நிலத்தின் அளவுக்கேற்ப, அந்தந்த நாளின் நட்சத்திரம் பார்த்து, அங்கேயே பிரதிட்டை நிகழ்கிறது. காலப்போக்கில் கும்பாபிடேகம் செய்து அங்கேயே புதுப்பிக்கப்படுகிறது. மாத்தளை அம்மன் வேறு எந்த அம்மனின் பிரதியும் அல்லள்.

கணினியில் இதற்கு இணையானது ஜென்டூ எனப்படும் லினக்ஸ் வெளியீட்டின் வழி. 2002இல் முதற்பதிப்பைக் கண்ட அது, பயனருக்குக் கட்டிய பொதியைத் தராமல் கட்டும் விதியைத் தருகிறது. ஒவ்வோர் இயந்திரமும் தன் நுண்செயலியின் முழுத் திறனுக்கேற்பத் தானே தொகுத்துக்கொள்கிறது. எக்ஸ்இசட் நஞ்சு அங்கே விழித்துக்கொள்ள வாய்ப்பிருக்கவில்லை. அதே வேளையில், பெரிய உலாவி ஒன்றைத் தொகுக்கப் பல மணி நேரமும் பெருமளவு நினைவகமும் வேண்டியிருப்பதால், சிறிய சேவையகங்கள் பலவற்றை வைத்திருப்போர் அந்த வழியில் நெடுந்தூரம் செல்வதில்லை. ஜென்டூவே பிற்காலத்தில் விரும்புவோருக்குக் கட்டிய பொதிகளையும் வழங்கத் தொடங்கியது. அதைவிட ஆழமான குறை வேறொன்று. தனித்தனியே கட்டுவதால் நம்பிக்கையின் தேவை நீங்கிவிடுவதில்லை, இடம்தான் மாறுகிறது. ஆகம விதியை அறிந்த ஆசாரியர் எங்கிருந்து கற்றார் என்ற கேள்வி பிரதிட்டையின்போது எழுவதைப்போலவே, மூலநிரலும் தொகுப்பியும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி ஒவ்வோர் இயந்திரத்திலும் எழும்; அதற்கு விடைதேடும் வசதி தனி இயந்திரத்துக்கு மையத்தைவிடக் குறைவு. மேலும் எல்லாம் தனித்தன்மை உடையனவாகிவிட்டால் ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்க எதுவும் மிஞ்சாது. கோயிலுக்கு இது குறையன்று; ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு தனித்தன்மை இருப்பதே அங்கே பெருமை. பிறர் பிழையைக் கொண்டு தன் பிழையை அறிய வேண்டிய மென்பொருளுக்கு அது பெருங்குறை.

மாத்தளை மாவட்டத்தின் நாலந்தா கெடிகையையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். பல்லவ பாணியில் கல்லால் எழுந்த இந்தப் பௌத்த ஆலயம், போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்ததால் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு உயர்ந்த இடத்தில் மறுபடி அடுக்கப்பட்டது. பொருள் அதே, இடம் வேறு. மென்பொருளின் நிலை இதற்கு நேர்மாறு: பொருளில் எதுவும் அதே அல்ல, எஞ்சுவது கட்டும் ஒழுங்கு மட்டுமே. ஆகையால் ஒருமையைப் பொருளில் தேடுவோருக்கு அது அங்கே அகப்படாது.

அகப்படும் இடத்தை டெபியன் குழுவினர் 2013 முதல் முன்னெடுத்துவரும் மறுவாக்க முயற்சி காட்டுகிறது. ஒரே மூலநிரல், ஒரே தொகுப்பி, ஒரே கருவிகள் ஆகியவற்றைக்கொண்டு எவர் எங்கே எப்போது கட்டினாலும் ஒரே வகை நுண்செயலிக்குரிய பொதி கடைசி இலக்கம்வரை ஒத்திருக்க வேண்டும் என்பதே அதன் இலக்கு. முதலில் அது அவ்வாறு ஒத்திருக்கவில்லை. கட்டிய நேரம், கட்டிய கோப்புறையின் பெயர், கோப்புகள் அடுக்கப்பட்ட வரிசை முதலிய அற்பத் தடங்கள் பொதிக்குள் பதிந்து ஒவ்வொரு முறையும் வேறுபாடுகளை உண்டாக்கின. அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிய பின், மையம் கட்டிய பொதியையும் தொலைவிலுள்ள அந்நியர் ஒருவர் கட்டிய பொதியையும் ஒப்பிட்டு, ஒத்திருந்தால் மையத்தின் சொல்லை நம்பாமலே அதன் பொதியை ஏற்கலாம் என்ற நிலை உருவாகியது. இவ்வாறு மையத்தின் அதிகாரம் அதன் பதவியிலிருந்து விலகி, பிறர் செய்துபார்க்கும் சோதனைக்கு மாறுகிறது. பாணகர் கூட்டங்கள் சேர்ந்து ஓதியபோது நிகழ்ந்தது இதுவே. அலுவிகாரையின் ஓலைக்கு மதிப்பு வந்தது, அதை எழுதியவர் கூட்டம் பெரியதாக இருந்ததாலோ அரசன் காலத்தில் எழுதப்பட்டதாலோ அன்று. எழுதப்பட்டதை ஓலையைப் பாராமலே ஓதிச் சரிபார்க்கக்கூடியவர்கள் அப்போது இன்னும் உயிரோடு இருந்தார்கள் என்பதால்.

பின்வந்த வரலாறு இதை உறுதிசெய்கிறது. 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் நூற்களஞ்சியம் அழிந்தது. கிளர்ச்சித் தலைவர்களான கொங்காலேகொட பண்டா, புரன் அப்பு ஆகியோரின் பெயர்களோடு நினைக்கப்படும் அந்த ஆண்டில் முதற்பிரதி மரபின் இடமே சாம்பலானது. திரிபிடகம் அழியவில்லை. அது அதற்கு முன்பே பர்மாவிலும் சயாமிலும் கம்போடியாவிலும் வெவ்வேறு எழுத்துகளில் நிலைகொண்டிருந்தது. அவ்வளவேயன்றி, மையமே தன் விளிம்புகளிடமிருந்து மீட்டுக்கொண்ட வரலாறும் உண்டு: இலங்கையில் பிக்கு மரபு அருகியபோது பதினோராம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்தான், 1753இல் சயாமிலிருந்து வந்த உபாலி தேரர் கண்டியில் முழுத் துறவேற்புச் சடங்காகிய உபசம்பதையை மீண்டும் தொடங்கிவைத்தார். 1954 முதல் 1956 வரை யாங்கோனில் நடந்த பௌத்த மாமன்றமாகிய ஆறாம் சங்கீதியில் பர்மியப் பாடம் சிங்கள, தாய், கம்போடிய, இலண்டன் பதிப்புகளோடு ஒத்துப்பார்க்கப்பட்டு, வேறுபாடுகள் அடிக்குறிப்புகளாக வைக்கப்பட்டன. எங்கே பிரிந்தோம் என்பதைப் பதிவுசெய்த இந்த அடிக்குறிப்புகளே அப்பதிப்பின் மிகப் பயனுள்ள பகுதி என்று கருத இடமுண்டு.

ஆயினும் ஒத்துப்பார்க்கும் மையம்கூட நடுநிலையானதன்று. திரிபிடகம் எழுதப்பட்ட அதே மன்னன் காலத்தில்தான் அபயகிரி விகாரை தோன்றி, பழைய மகாவிகாரையிலிருந்து பிரிந்தது. எழுதும் முயற்சியே தம் பாடத்தை நிலைநாட்ட மகாவிகாரையினர் மேற்கொண்டதாக இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு சங்கத்தை மகாவிகாரை மரபில் ஒன்றாக்கியபின் அபயகிரியின் நூல்கள் படியெடுப்பாரின்றி மறைந்தன. தமிழகத்துப் பௌத்தத்துக்கும் அதே நேர்ந்தது. காஞ்சியில் தங்கியிருந்ததாகத் தானே குறிப்பிடும் புத்தகோசர், மகாவிகாரையிலிருந்த சிங்கள உரைகளைப் பாளிக்குப் பெயர்த்ததால் அவருடைய எழுத்து உலகெங்கும் சென்றது. மையம் படியெடுக்காத குண்டலகேசி சில செய்யுள்களாக மட்டும் எஞ்சியது.

எவருக்காகக் கட்டுவது என்பதை மையமே தீர்மானிக்கிறது என்னும் இந்த உண்மை மென்பொருளிலும் மாறவில்லை. 2025 ஆகஸ்ட் 9இல் வெளிவந்த டெபியன் 13, ரிஸ்க்-ஃபைவ் வகையை முதன்முறையாக ஏற்றுக்கொண்டது; அதே பதிப்பில் மிப்ஸ் வகைகள் நீக்கப்பட்டன. மிப்ஸுக்கான பொதிகள் மூலநிரலுக்குள் இல்லாமற் போய்விடவில்லை. சற்காரியவாதியின் கணக்கில் அவை இன்னும் அங்கே நுண்ணிய நிலையில் இருக்கின்றன, தொகுப்பியும் கைவசம் இருக்கிறது, குறைவது நிமித்தகாரணம் ஒன்றே. அக்குறையை யார் நிரப்புவது என்பதற்கு மையத்தின் விதிகளில் விடை இல்லை. அதிகாரபூர்வ வெளியீட்டுக்குப் புறத்தே, கைவிடப்பட்டவை உட்பட அதில் இடம்பெறாத வகைகளுக்கென டெபியன் ஒரு துணைக் களஞ்சியத்தை வைத்திருக்கிறது. 1979இல் சந்தைக்கு வந்த மோட்டோரோலா 68000 குடும்பத்துக்கான பொதிகளை, தன்னார்வலர் சிலர் பெரும்பாலும் வேறு இயந்திரங்களை அதுவாக நடிக்கவைத்து, அங்கே இன்றும் கட்டிவருகின்றனர்.